குறுகிய காலம் என்றால் எத்தனை மாதம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் ஏதோ மறைத்து வைத்து எடுத்துக் காட்டியதாக நினைப்பீர்கள். பதினோராம் வகுப்புப் பொருளியல் பாடநூல், ஏழாவது பாடம், தலைப்பு 'நீடித்த சந்தைகளை நோக்கி'. பக்கம் நூற்றுப் பன்னிரண்டில், கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒரு வாக்கியம் இருக்கிறது:

'இத்தகைய மாற்றத்தின்போது குறுகிய காலத்தில் சில தொழிலாளர்கள் வேலை இழக்க நேரிடலாம். எனினும், நீண்ட காலத்தில் அவர்கள் புதிய பசுமைத் தொழில்களில் உள்வாங்கப்படுவர்.'

எழுதியவன் நான்தான். புத்தகத்தில் என் பெயரைத் தேட வேண்டாம், இருக்காது. பாடநூல் அலுவலகத்தில் என்னைப் போன்ற ஒப்பந்தக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து முகப்பில் 'குழுவினர்' என்று ஒரே சொல். மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். அவற்றில் பெயர் போடுவார்கள், ஆனால் யாரும் படிப்பதில்லை. பெயரில்லாமல் எழுதியதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். இதில் எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு வருத்தப்படுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்தப் பாடத்தை வேண்டாவெறுப்பாக எழுதவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பிருந்த பழைய புத்தகத்தில் சந்தை என்றால் இரண்டு கோடுகள். ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், வெட்டிக்கொள்கிற இடத்தில் விலை. அந்தப் படத்துக்கு வெளியே ஆறு கிடையாது, குப்பைமேடு கிடையாது, யாருடைய நுரையீரலும் கிடையாது. விற்றவனும் வாங்கியவனும் போன பிறகு மிச்சம் கிடப்பதை யார் சுமப்பது என்ற கேள்வியே அதில் வராது. சந்தை தன் அழுக்கைத் தானே சுமக்கப் பழக வேண்டும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று குழு முடிவு செய்தபோது எனக்கு நிஜமாகவே உற்சாகமாக இருந்தது. உதாரணத்துக்கு நெகிழிப் பை ஆலையை எடுத்துக்கொண்டேன். (பாடநூலில் மட்டும்தான் நெகிழி. மற்ற எல்லா இடத்திலும் பிளாஸ்டிக். இனி நானும் பிளாஸ்டிக் என்றே எழுதுகிறேன்.) பைகள் செய்யும் தீங்கைப் பற்றி ஆறு பக்கம். தடைச் சட்டத்தைப் பற்றி ஒன்றேகால் பக்கம். பை செய்கிற ஆட்களைப் பற்றி மேலே சொன்ன அந்த ஒரே வாக்கியம்.

அதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தக் கதையோடு ஆறு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'கடைசி இயந்திரத்தை நிறுத்திய அன்று காலையில் ஆலைக்குள் யாரும் யாருடைய முகத்தையும் —'

விட்டுவிட்டேன். அன்று நான் அங்கே இல்லை. யார் யாருடைய முகத்தைப் பார்த்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது தொடக்கம்: 'சந்தை என்பது மனிதர்கள் ஒருவரை ஒருவர் —'

இது பாடநூல் கை. பல வருடப் பழக்கம், தானாக ஓடுகிறது.

மூன்றாவது கொஞ்சம் தேறியது: 'பிளாஸ்டிக் குருணையை இயந்திரத்தின் மேலே கொட்டினால் அது உருகி, கீழே ஒரு வளையத்தின் இடுக்கு வழியாக வரும். உள்ளே காற்று ஊதுவார்கள். ஊத ஊத அது மெல்லிய குழாயாக உப்பிக்கொண்டு, இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பி, உச்சியில் உருளைகளுக்கிடையில் நசுங்கி, தட்டையாகக் கீழே இறங்கும். வெட்டி, ஒட்டினால் பை. அந்தக் குழாய் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தடிமன் கெட்டுவிடும். சாயாமல் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு ஆலையில் பலூன்காரர் என்று பெயர். இருபத்தாறு வருடம் அண்ணாந்து பார்த்தே அவருக்குக் கழுத்து பின்னால் மடங்கிப்போயிருந்தது.'

இதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அவரே என் மேசைக்கு முன்னால் நின்று இரண்டு கைகளாலும் காட்டினார். கடைசி வாக்கியம் மட்டும் என் கைச்சரக்கு. அவருடைய கழுத்து எல்லோருடைய கழுத்தையும் போலத்தான் இருக்கும். கதைக்காக மடக்கினேன், இப்போது நிமிர்த்திவிடுகிறேன்.

இனி அவரைப் பலூன்காரர் என்றே சொல்கிறேன். அவருக்குப் பெயர் இருக்கிறது, எனக்கும் தெரியும். எழுதினால் அவரை இன்னொரு தடவை அச்சில் ஏற்றியதாகிவிடும். ஒரு தடவை ஏற்றியதே போதும்.

3

இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் முதல் தடவை வந்தார்.

மணி பன்னிரண்டு ஐம்பது. (முதல் வரைவில் இரண்டு மணி என்று போட்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பேசியதாகத் தெரியட்டும் என்று. இல்லை, பசியில்தான் இருந்தேன்.) எங்கள் அறை நீளமானது. சுவரோரம் மெய்ப்புக் கட்டுகள் இடுப்பளவுக்கு அடுக்கிக் கிடக்கும், கதவுக்குப் பக்கத்தில் வந்தவர்கள் உட்கார ஒரு மரப் பெஞ்சு. அதில் அவர் மடியில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். பழுப்புத் தாளில் அட்டை போட்ட பாடப் புத்தகம். பதினோராம் வகுப்புக்குப் போகப்போகிற அவருடைய மகளுடையது.

அவர் வந்த காரணத்தைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேனா என்று நினைவில்லை. தடைச் சட்டம் வந்து ஆலையை மூடப் போகிறார்கள். அதை விளக்க ஓர் அதிகாரி வந்து கூட்டம் போட்டிருக்கிறார். குறுகிய காலத்தில் கொஞ்சம் கஷ்டம், நீண்ட காலத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் பேசியிருக்கிறார். குறுகிய காலம் என்றால் எவ்வளவு நாள் என்று பலூன்காரர் எழுந்து கேட்டிருக்கிறார். இது பொருளாதாரம், உங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். மனிதர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். இருந்தது. ஆனால் எவ்வளவு நாள் என்று அதிலும் இல்லை. அதனால் புத்தகம் செய்கிற இடத்துக்கே வந்துவிட்டார். அந்தப் பாடத்தை எழுதியவன் என்று யாரோ என் மேசையைக் காட்டியிருக்கிறார்கள்.

கோபமாக வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று இப்போது எழுதுகிறேன். அன்று அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை.

அவராகவே முதலில் சொன்னது, பை கெட்டதுதான் என்று. தன் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டபோது குச்சி விட்டுக் குத்தி எடுத்தாராம். வந்ததெல்லாம் தன் இயந்திரத்துப் பை. மடிப்பைப் பார்த்தாலே தெரியுமாம். மூடட்டும், தப்பில்லை என்றார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"குறுகிய காலம்னா எத்தனை மாசம் சார்?"

நான் விளக்கினேன். பொருளியலில் அதற்கு மாதக் கணக்கு கிடையாது. குறைந்தது ஓர் உற்பத்திக் காரணியாவது மாற்ற முடியாததாக இருக்கும் காலமே குறுகிய காலம். எல்லாக் காரணிகளும் மாறக்கூடியதாகிவிட்டால் அது நீண்ட காலம். நிலம், உழைப்பு, மூலதனம் என்று விரல் மடக்கிச் சொன்னேன். கரும்பலகை இருந்தால் படமே போட்டிருப்பேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரி சார். தோராயமா?"

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் குறியிட்டால் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகிவிடலாம். இரண்டாவதில் குறியிட்டால் தொகை கிடையாது, வரப்போகிற காகிதக்கூழ்த் தட்டு ஆலையின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேரும். பட்டியலில் இருக்கும்போது வேறு நிரந்தர வேலைக்குப் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். மறுநாள் கடைசி நாள். இரண்டு வருடத்துக்குள் என்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம், அதற்கு மேல் என்றால் தொகையை வாங்கிக்கொண்டு ஏதாவது செய்ய வேண்டியதுதான் என்றார்.

அறையில் எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவிட்டார்கள்.

"ரெண்டு வருஷம்" என்றேன். "மிஞ்சிப்போனா."

அடிக்குறிப்பு: இந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று நிறைய யோசித்துவிட்டேன். அவர் வாயிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். அவருக்கு வேண்டிய எண்ணை அவரிடமே திருப்பிக் கொடுத்தால் எழுந்து போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில் 2 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். எழுதினவரே சொல்லிவிட்டீர்கள், இனி நிம்மதி என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நான் சாப்பிடப் போனேன்.

4

மகளைப் பற்றி எழுத வேண்டும். இங்கேதான் என் கை சறுக்குகிறது.

ஒரு வருடம் கழித்து அலுவலகத்துக்கு அவளிடமிருந்து போன் வந்தது. ஏழாவது பாடம் எழுதியவர் வேண்டும் என்று கேட்டு, நாலு மேசை சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது. இரண்டாவது வரைவில் அவளை நன்றாகப் பேச வைத்திருந்தேன். 'அந்த மாற்ற முடியாத காரணி எங்க அப்பாதான் சார்' என்று ஒரு வசனம். எழுதி முடித்ததும் எனக்கே சிலிர்த்தது. என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். என் வரைவுகளைப் படிக்கிற ஒரே ஆள். கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னாள்: "ஏங்க, பதினேழு வயசுப் பொண்ணு போன்ல இப்படியா பேசும்? இது நீங்க பேசுறது."

அடித்துவிட்டேன். அவள் உண்மையில் சொன்னது இவ்வளவுதான். தன் அப்பா யார் என்று சொன்னாள். ஆலை மூடி ஒரு வருடமாகிவிட்டது என்றாள். அந்த விளக்கத்தை, மாதக் கணக்கெல்லாம் கிடையாது என்பதை, வகுப்பில் படித்த அன்றைக்கே வீட்டில் சொன்னாளாம். எழுதினவரே ரெண்டுன்னு சொல்லிட்டாரு, உனக்கென்ன தெரியும் என்று அவர் சிரித்தாராம். அவள் சொன்னதுதான் சரி, இல்லையா என்று என்னிடம் கேட்டாள். சரி என்றேன். அப்படியென்றால் நான் சொன்னது தப்பா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

பக்கத்து நகரத்தில் பாட்டில் ஆலை ஒன்று அவரைக் கூப்பிடுகிறதாம். அதே மாதிரி உருக்கி ஊதுகிற வேலை. போனால் பட்டியலில் பெயர் போய்விடும் என்று போகமாட்டேன் என்கிறாராம். லாரியில் மூட்டை ஏற்றுகிறார், கிடைக்கிற நாளில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். முதுகு போய்விட்டது.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு சார். நீங்க ஒரு போன் பண்ணி, அது தப்புன்னு சொல்லிடுங்க. போதும்."

சொல்கிறேன் என்றேன். எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் கூப்பிட்டேன். அவரே எடுத்தார். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது. யாருங்க என்றார். ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அவர் இருக்கிறாரா என்று கேட்டேன். தப்பான நம்பர் என்றார், மரியாதையாக. வைத்துவிட்டேன். இதை என் மனைவியிடம் இந்தக் கதை மூலமாகத்தான் சொல்கிறேன். அவள் இந்தப் பகுதியை இன்னும் படிக்கவில்லை.

5

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் போகலாம். கதை இதில் நகராது.)

பாடத்தில் ஒரு படம் இருக்கிறது. இடது பக்கம் 'அ' என்று ஒரு புள்ளி, மாசுபடுத்தும் தொழில். வலது பக்கம் 'ஆ' என்று ஒரு புள்ளி, பசுமைத் தொழில். இரண்டுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி, அதன்மேல் 'உழைப்பின் இடப்பெயர்வு' என்று எழுதியிருக்கும். அம்பு தடிமனாக இருந்தது, பக்கத்தை அடைக்கிறது என்று பதிப்பாசிரியர் அம்மா சொன்னார். நான்தான் வரைகலைஞரிடம் போய் மெலிதாக்கச் சொன்னேன். மெலிதாக்கிவிட்டார். அந்த அம்புக்குறிக்குள்தான் பலூன்காரர் இரண்டு வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறார்.

கோட்பாடு தப்பில்லை. இதை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையைப் படித்துவிட்டு யாராவது பை ஆலையைத் திறங்கள் என்று கிளம்பிவிடக் கூடாது. அந்தப் பைகள் எங்கள் தெருவையும் இரண்டு மழைக்காலம் மூழ்கடித்தன. முழங்கால் சாக்கடைத் தண்ணீரில் நின்றுகொண்டுதான் அந்தப் பாடத்தின் முதல் பத்தியை மனதில் எழுதினேன். மாற வேண்டியது மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் மாற்றத்தைச் சொல்லித்தருகிற நாங்கள் அந்த நடுப்பகுதிக்கு வரும்போது மட்டும் செயப்பாட்டு வினைக்குப் போய்விடுகிறோம். 'உள்வாங்கப்படுவர்.' யார் உள்வாங்குவார்கள்? எந்தக் கதவு வழியாக? எத்தனை பேரை? வாக்கியத்தில் ஆளே இல்லை. இலக்கணப்படி சுத்தமான வாக்கியம், குழுவில் ஒரு திருத்தம்கூட வரவில்லை.

என் மனைவி அதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "போன மழைக்கு நம்ம முனை ரோடு லாரியோட உள்வாங்குச்சே, அந்த உள்வாங்குறதா?"

அன்று நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்று நோட்டில் குறித்துக்கூட வைத்துக்கொண்டேன். எதையும் கதைக்கு ஆகும் என்று எடுத்து வைக்கிற புத்தி இது, எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் காகிதக்கூழ்த் தட்டு ஆலை திறக்கிறது, பலூன்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாயிலுக்குள் நுழைகிறார். இதில் பாதி நிஜம். ஆலை திறந்துவிட்டது, ஒன்பது மாதமாகிறது. முழுதும் தானியங்கி இயந்திரங்கள். பதினாலு பேருக்குத்தான் வேலை, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். பலூன்காரர் எட்டாவது வரை படித்தவர், வயது ஐம்பது. பட்டியலை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. இரண்டாம் கட்ட விரிவாக்கம் வரும்போது பார்க்கலாம் என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். அவருடைய வரிசை எண் நாற்பத்தொன்று.

இரண்டாவது முடிவில் அவர் செத்துப்போகிறார். மூட்டை ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார், அவ்வளவுதான். ஒன்பது வரி. இப்படிப்பட்ட கதைகளில் நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு வருவீர்கள். எழுதி முடித்ததும் எனக்கு மனசு லேசானது. அந்த லேசைப் பார்த்துத்தான் பயந்துபோய்க் கிழித்தேன். செத்துப்போன ஆள் திரும்ப வந்து என்னிடம் எதையும் கேட்கமாட்டார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மூன்றாவதில் நான் அவர் வீடு தேடிப் போய் உண்மையைச் சொல்கிறேன், அவர் என் தோளைத் தொட்டு, விடுங்க சார் என்கிறார், நான் அழுகிறேன். என் மனைவி ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'அவர் எதுக்கு உங்களுக்கு ஆறுதல் சொல்லணும்?'

7

இனி வரைவு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பாடநூலுக்குத் திருத்திய பதிப்பு வருகிறது. போன செவ்வாய்க்கிழமை ஏழாவது பாடத்தை என் மேசையில் வைத்து, திங்கட்கிழமைக்குள் சரிபார்த்துத் தரும்படி பதிப்பாசிரியர் அம்மா சொல்லிவிட்டுப் போனார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலையை நிமிர்த்தினால் பெஞ்சில் பலூன்காரர். பக்கத்தில் ஒரு பெண். அவளை அதுவரை நான் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

அவர் இளைத்திருந்தார். உட்காரும்போது இடது கையை இடுப்பில் கொடுத்து, மெதுவாகத்தான் உட்கார்ந்தார். என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். நான் சொன்ன இரண்டு வருடம் முடிந்து மூன்று மாதமாகிவிட்டது என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. மருந்து கொடுத்த டாக்டரிடம் இன்னும் இருமல் நிற்கவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்து கேட்டார்.

"நீண்ட காலம் ஆரம்பிச்சிடுச்சா சார்?"

என் அறையில் பொருளியல் பட்டம் வாங்கிய ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். யாரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

எதற்குக் கேட்கிறார் என்பதையும் அவரே சொன்னார். மகள் பன்னிரண்டாவதில் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, பொருளியல்தான். அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சேர்க்க இப்போது வழியில்லை. பொதி கட்டுகிற கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார். நீண்ட காலம் ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஆறேழு மாதத்தில் பட்டியலில் கூப்பிடுவார்கள் என்றால், இந்த ஒரு வருடம் மட்டும் அவள் வேலைக்குப் போகட்டும், அடுத்த வருடம் படிக்கலாம். இல்லை, அது வராது என்றால், பாட்டில் ஆலைக்காரன் இன்னமும் கூப்பிடுகிறான். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு அவர் அங்கே போவார், அவள் கல்லூரிக்குப் போவாள். வேறு யாரிடமும் கேட்க அவருக்கு நம்பிக்கை இல்லை.

பதில் என் வாயில் இருந்தது. ஒரே சொல். வராது. அதைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் படிப்பாள். கூடவே அவருக்கு இன்னொன்றும் தெரிந்துவிடும். முதுகைக் கொடுத்துக் காத்திருந்த இந்த இரண்டே கால் வருடமும் ஓர் ஒப்பந்த எழுத்தாளனின் பசியில் பிறந்தது என்று.

பாடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றேன். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வாருங்கள், சரியாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கல்லூரியில் நான்கு மணி வரைக்கும் சேர்க்கலாம் என்றார் அவர். சந்தோஷமாக எழுந்து, தண்ணீர் குடிக்கப் போனார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அன்று ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ஆரம்பிச்சிடுச்சுன்னே சொல்லிடுங்க சார்."

உன் படிப்பு என்றேன்.

"அந்த லிஸ்ட்டுலதான் அவரு உயிரே இருக்கு. வராதுன்னு தெரிஞ்சா, இத்தனை நாளும் சும்மா போச்சேன்னு உக்காந்துடுவாரு. அப்புறம் பாட்டில் கம்பெனிக்கும் போக மாட்டாரு. எனக்குத் தெரியும் சார்." பிறகு, "நான் ஒரு வருஷம்தானே வேலைக்குப் போறேன்" என்றாள்.

அந்த ஒரு வருஷத்தை அவள் சொன்ன விதத்தில் பொய் இருந்தது. அவளுக்கு விளக்கம் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். இருவரும் போனார்கள்.

8

ஆறு நாளில் எழுத வேண்டியது ஒரு வாக்கியம். நான் எழுதியது இந்தக் கதை.

பாடத்தில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, 'இவ்வாறு வேலை இழப்போருக்கு என்ன ஆகிறது என்பதை —' என்று தொடங்கி விட்டிருக்கிறேன். பதிப்பாசிரியர் அம்மா காலையில் வந்து கேட்டுவிட்டுப் போனார். இடத்தைக் காலியாக விட முடியாது, பக்கம் குறையும் என்றார்.

மகள் சொல்வது சரியாக இருக்கலாம். அவள் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவள். தப்பாகவும் இருக்கலாம். முதல் தடவை என்னிடம் உண்மையைக் கேட்டபோது இருந்த அதே தெளிவோடுதான் இப்போது பொய்யைக் கேட்கிறாள். எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒருவர் உடைவார். முதல் தடவையே பசியோடு எழுந்து போகாமல், தெரியாது ஐயா என்று சொல்லியிருந்தால் போதும். அந்தப் பதில் அன்றைக்கு இருந்தது, இன்றைக்குக் கிடையாது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

என் மனைவியிடம் நேற்று முழுவதையும் கொடுத்தேன். தப்பான நம்பர் பகுதியையும் சேர்த்துத்தான். படித்துவிட்டுக் காகிதங்களை ஒழுங்காக அடுக்கி மேசையில் வைத்தாள். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

இன்று திங்கட்கிழமை. மணி பதினொன்றாக நாலு நிமிடம் இருக்கிறது. சீக்கிரமே வந்துவிட்டார்கள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் சலவைச் சட்டை போட்டிருக்கிறார். கல்லூரிக்கும் போகலாம், பொதிக்கூடத்துக்கும் போகலாம் என்பது போல அவள் கையில் ஒரு பை, சான்றிதழ்கள் உள்ளே இருக்கலாம், மதியச் சாப்பாடாகவும் இருக்கலாம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என்னால் முடியாது. நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். அவரைக் கூப்பிடுகிறேன். யோசித்துச் சொல்லுங்கள், நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார்.